ஐந்தாம் வாரத்தில் வெளுத்துப்போன கடல்நீர்த் தொட்டி

திருகோணமலை உவர்மலையிலிருந்து வந்த நீண்ட கடிதமொன்றை, எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

பணி ஓய்வு பெற்ற இவ்வாசகர், பேத்தியின் ஆசைக்காகப் புரட்டாதித் தொடக்கத்தில் நான்கடி நீளமான, 200 லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்க்கத் தொடங்கினார். தண்ணீரை நிலாவெளிக் கரையிலிருந்து கான்களில் நிரப்பி ஓட்டோவில் கொண்டுவந்தார். மருமகன் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவுப் பக்கம் போனபோது ஒரு வாளி செத்த முருகைக்கல் பொறுக்கி வந்து கொடுத்தார். கடையில் 'நீமோ' என்று விற்கும் கோமாளி மீன் இரண்டும் துப்புரவு இறால் ஒன்றும் முதலில் விடப்பட்டன. மூன்றாம் வாரச் சோதனையில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்று வந்ததும், வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றையும் நீல டாம்சல் மீன் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தார். ஆவியாகி நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம், நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் அளவில், சேமித்து வைத்த கடல்தண்ணீரையே ஊற்றி வந்தார். ஐப்பசி மழையில் ஓரிரவு ஐந்து மணித்தியாலம் மின்சாரம் நின்றது. விடியற்காலையில் தொட்டி அரிசி கழுநீர்போல வெளுத்திருந்தது. இறால் செத்துக் கிடந்தது, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவர் வடிகட்டியின் பஞ்சுகளைக் குழாய்த்தண்ணீரில் நன்றாகக் கழுவிப் பூட்டினார். கடையில் தந்த நீல மருந்தை ஊற்றினார். மறுநாள் வண்ணத்துப்பூச்சி மீனும் செத்தது. இப்போது அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்றும் பி.எச். (அமில, கார அளவு) பெறுமானம் 7.8 என்றும் காட்டுகிறது.

"கடல்தண்ணீரில் ஏதும் நஞ்சு இருந்ததா? கடைக்காரர் நோய் மீனை என் தலையில் கட்டிவிட்டாரா? எல்லாவற்றையும் இறைத்துக் கழுவிப் புதிதாகத் தொடங்குவதா? பேத்தி, மிச்ச மீனைக் கடலில் விட்டுவிடுவோம் என்கிறாள். நண்பர் ஒருவர் பி.எச். குறைந்ததுதான் பிழை, அப்பச் சோடா போடச் சொல்கிறார்" என்று கேட்டு, தொட்டி, உவர்மானி (தண்ணீரின் உப்பளவைக் காட்டும் கருவி), சோதனைக் குழாய் ஆகியவற்றின் படங்களையும் அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதுதான் இன்றைக்கே தீங்கு செய்யக்கூடியது. அப்பச் சோடாவையோ, பி.எச். உயர்த்தும் வேறு எந்தத் தூளையோ இப்போது போட வேண்டாம். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மின்னேற்றம் கொண்ட அமோனியம், அது மீனை அவ்வளவாகத் தீண்டாது. மற்றது மின்னேற்றமில்லாத அமோனியா; செவுள் வழியே நேரே இரத்தத்தில் ஏறிக் கொல்வது அதுதான். எவ்வளவு பங்கு எந்த வடிவில் நிற்கும் என்பதைப் பி.எச். பெறுமானமும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. உங்கள் தொட்டியில் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 7.8 என்ற பெறுமானத்தில், மொத்த அமோனியாவில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் நச்சு வடிவில் இருக்கும். அதை 8.3 இற்கு உயர்த்தினால் அப்பங்கு ஏறத்தாழ மூன்று மடங்காகும். உங்கள் மீன்கள் இன்னும் உயிரோடிருப்பதற்கு அந்தக் குறைந்த பெறுமானமும் ஒரு காரணமாக இருக்கலாம். அது குறைந்ததற்கும் பெரிய மர்மமில்லை. மழைக்காகச் சன்னல்களைச் சாத்திய அறையில், பற்றீரியாக்களும் மீன்களும் வெளிவிட்ட காபனீரொட்சைட்டு தண்ணீரிலேயே தங்கிவிட்டது. சன்னலைத் திறந்து, நீர்ப்பரப்பு நன்றாகக் குழம்பும்படி காற்றுப் பம்பியைப் போட்டால் அது தானாக ஏறும். காற்றூட்டினாலும் பெறுமானம் ஏறுகிறதே, அது ஆபத்தில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஏறுவது மெதுவாக என்பதாலும், ஒட்சிசன் இல்லாமல் மீன் அமோனியாவுக்கு முன்பே இறந்துவிடும் என்பதாலும் காற்றூட்டலைத் தள்ளிப்போட முடியாது. காற்றூட்டுவதோடு தண்ணீரின் ஒரு பகுதியையும் மாற்றும்படி கீழே சொல்வது இதற்காகத்தான்.

உண்மையில் நடந்தது என்ன

ஒரே இரவில் கெட்டுவிட்டதாக நீங்கள் எழுதியிருந்தாலும், உங்கள் கடிதத்தை நாள்வாரியாக அடுக்கிப் பார்த்தால் அந்த இரவு கடைசித் துரும்பு மட்டுமே. கடல்தண்ணீரில் நஞ்சு கலந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாம் வாரம் பூச்சியம் காட்டியது பொய்யன்று. ஆனால் அது இரண்டு சிறு மீனுக்கும் ஓர் இறாலுக்கும் உரிய பூச்சியம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைப் பெரும் தீங்கற்ற நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள், கிடைக்கும் தீனிக்கேற்ற அளவில்தான் பெருகுகின்றன. புதிய தொட்டியில் அவை நிலைகொள்ளப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மூன்று மீன்களை ஒரே நாளில் சேர்த்தபோது கழிவு இரட்டிப்புக்கும் மேலாகியது; பற்றீரியாக்களின் தொகை பழைய அளவிலேயே நின்றது. ஒவ்வொரு மீனாக, இடையில் பத்துப் பதினைந்து நாள் விட்டுச் சேர்த்திருந்தால் அவை ஈடுகொடுத்திருக்கும்.

அடுத்தது மின்தடை. உங்களுடையது தொட்டிக்கு வெளியே, மூடிய பெட்டிக்குள் பஞ்சும் வளையங்களும் அடைத்த வடிகட்டி. ஓட்டம் நின்றதும் அந்தப் பெட்டிக்குள்ளிருக்கும் சிறிதளவு தண்ணீரின் ஒட்சிசனைப் பற்றீரியாக்களே விரைவில் குடித்துத் தீர்த்துவிடும். பிறகு அவையே மடியத் தொடங்கும். ஐந்து மணித்தியாலம் கழித்து மின்சாரம் வந்ததும், அந்த ஊத்தைத் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் கொட்டப்பட்டிருக்கும். நீங்கள் கண்ட வெளுப்பு, அந்த அழுகலை உண்டு பெருகிய வேறு வகைப் பற்றீரியாக்களின் கூட்டமாகவே இருக்கும். அதைப் பார்க்கப் பயமாக இருந்தாலும் அது நஞ்சன்று, ஆனால் ஒட்சிசனைக் கடுமையாகக் குடிக்கும். கடல்நீர் 30 பாகையில், காற்றோடு நிறைவாகக் கலந்த நிலையிலும், லீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட ஒட்சிசனைத்தான் ஏந்தும்; நன்னீர் ஏழரை ஏந்தும். ஏற்கெனவே குறைந்த இருப்பில் அந்தக் கூட்டமும் பங்கு கேட்டதால்தான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன.

அதன்பின் நீங்கள் செய்த உதவிகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை, பதறிய எவரும் இதைத்தான் செய்திருப்பர். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த்தண்ணீரில் குளோரீன் இருக்கிறது. மின்தடைக்குத் தப்பிய பற்றீரியாக்கள் ஒட்டியிருந்த இடமே அந்தப் பஞ்சும் வளையங்களும்தான். அவற்றை அந்தத் தண்ணீரில் பளிச்சென்று கழுவியதால் தப்பியவையும் பெரும்பாலும் போய்விட்டன. இனிமேல் தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து, அதிலேயே பஞ்சை இரண்டு தரம் அலசினால் போதும், ஊத்தை முழுதாகப் போக வேண்டியதில்லை. நீல மருந்து பெரும்பாலும் மெதிலீன் நீலமாக இருக்கும். அது தனிப் பாத்திரத்தில் வைத்து மீனுக்குக் கொடுக்க வேண்டியது. தொட்டியில் ஊற்றினால் நல்ல பற்றீரியாக்களையும் பிடிக்கும்.

உவர்மானியில் படிந்த வெள்ளை

நீங்கள் கேட்காத, ஆனால் படத்தில் என் கண்ணில் முதலில் பட்ட விடயம் ஒன்றுண்டு. உங்கள் உவர்மானி, உள்ளே ஊசி ஆடும் பிளாஸ்ரிக் வகை. அந்த ஊசியின் நுனியில் வெள்ளையாக ஒரு படிவு தெரிகிறது. பாவித்தபின் நன்னீரில் அலசாமல் வைத்ததால் காய்ந்த உப்பு அது. படிவின் பாரத்தால் ஊசி முழுதாக எழும்பாது, எனவே உண்மையை விடக் குறைந்த அளவைக் காட்டும். அது காட்டும் 1.024 (நன்னீரை 1 என்று கொண்டு ஒப்பிடும் அடர்த்தி) என்ற அளவை நான் நம்பவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே நிற்கும். லீற்றருக்கு 35 கிராம் என்று கொண்டால் தொடக்கத்தில் தொட்டியில் 7000 கிராம் உப்பு இருந்தது. முப்பத்துநான்கு நாளில், நாளுக்கு ஒன்றரை லீற்றராக, ஏறத்தாழ 50 லீற்றர் கடல்தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். அதனோடு 1750 கிராம் உப்பும் சேர்ந்தது. இப்போது 200 லீற்றரில் 8750 கிராம், அதாவது லீற்றருக்கு ஏறத்தாழ 44 கிராம். கடல்மீன் ஓரளவு தாங்கும். இறாலுக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு, அது முதலில் போனதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். "கடல்மீனுக்குக் கடல்தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்" என்ற உங்கள் எண்ணம் இயல்பானது. ஆனால் ஆவியான இடத்தை நன்னீரால் நிரப்ப வேண்டும், கடல்தண்ணீர் நீங்கள் இறைத்து எடுத்த பங்குக்கு மாற்றாக மட்டுமே. இந்த நன்னீருக்குக் கடைகளில் கானில் விற்கும் ஆர்.ஓ. நீரை (நுண்சவ்வின் வழியே வடித்து உப்பு நீக்கிய நீர்) பாவியுங்கள். தகரக் கூரையில் வழிந்த மழைத்தண்ணீரும், குளிரூட்டி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரும் உலோகம் கலந்திருக்கக்கூடியவை, வேண்டாம்.

சோதனைக் குழாயின் படத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் பாவித்த அமோனியாச் சோதனை, மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுவது. தொட்டித் தண்ணீரோ மருந்தால் நீலம் பிடித்திருக்கிறது. மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று உங்கள் பேத்தியைக் கேட்டாலே சொல்லிவிடுவாள். ஆகவே அந்த 1 மில்லிகிராமில் எவ்வளவு அமோனியா, எவ்வளவு மருந்து என்று சொல்ல முடியாது. இன்னொரு குழாயில் சோதனைத் துளி எதுவும் விடாமல் தொட்டித் தண்ணீரை மட்டும் நிரப்பி, வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். நீலம் கண்ணுக்குத் தெரிந்தால் அன்றைய அளவீட்டைத் தள்ளிவிடுங்கள். வடிகட்டியில் ஒரு துணிப்பையில் காபன் துகள்களை வைத்தால் ஓரிரு நாளில் நிறம் போய்விடும். நிறவட்டை நன்னீருக்குரியதா கடல்நீருக்குரியதா என்பதையும் பாருங்கள், சில பெட்டிகளில் இரண்டும் வெவ்வேறாக இருக்கும். அதுவரை அமோனியா இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

தொட்டியை முழுதாக இறைத்துக் கழுவுவது, நண்பர்கள் பலரும் சொல்வதுபோல, நல்ல தொடக்கமாகத் தோன்றும். ஆனால் பற்றீரியாக்களில் எஞ்சியவை இப்போது கல்லிலும் மணலிலும் கண்ணாடியிலும்தான் இருக்கின்றன. கழுவினால் புரட்டாதிக்கே திரும்பிப் போவீர்கள், இம்முறை நான்கு மீன்களோடு. மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றுவது இரண்டாவது வழி. அங்கேயும் பற்றீரியா இருக்காதாகையால் நாள்தோறும் தண்ணீர் மாற்ற வேண்டிவரும், பிடிக்கும்போது மீனும் மிரளும். உடலில் வெண்புள்ளியோ தூள் படிந்தாற்போன்ற பூச்சோ கண்டால் மட்டும் அதற்குப் போங்கள். நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: இருக்கும் தொட்டியை இருக்கும் இடத்திலேயே மெல்ல மெல்லத் திருத்துவது.

முதலில் ஒரு முறிவுமானி (ஒளி முறிவைக் கொண்டு உப்பளவைக் காட்டும் கருவி) இரவல் வாங்கியாவது உவர்த்தன்மையை அளந்துகொள்ளுங்கள், ஆர்.ஓ. நீர் ஒரு துளி வைத்தால் அது பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே நம்புங்கள். 44 அளவில் இருந்தால், லீற்றருக்கு 35 கிராம் உவர்த்தன்மையில் புதுத் தண்ணீர் தயாரித்து, நாளொன்றுக்கு 40 லீற்றர் வீதம் நான்கு நாள் மாற்றுங்கள். முதல் நாள் 42 அளவுக்கும், அடுத்த நாட்களில் 41, 40, 39 என்றும் இறங்கும். ஒரு நாளில் இரண்டு கிராமுக்கு மேல் இறக்காமலிருப்பது நல்லது. மீனுக்காக மட்டுமன்றிப் பற்றீரியாக்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். மிகுதியை வாராந்தர மாற்றங்களில் இறக்கலாம். இதே வேலை அமோனியாவையும் ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். முறிவுமானி 36 என்று காட்டினால் என் கணக்குப் பிழை என்று பொருள். அப்போதும் தண்ணீர் மாற்றம் அதேதான், உவர்த்தன்மை பற்றி மட்டும் கவலை வேண்டாம்.

அந்தப் புதுத் தண்ணீரை இந்த மாதம் கடலிலிருந்து எடுக்காதீர்கள். வாடைக் காற்று தொடங்கி மழை கொட்டும் காலத்தில் கரையோரத் தண்ணீர் கலங்கியும், வடிகால்களும் களப்புகளும் கலந்து உப்புக் குறைந்தும் இருக்கும். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாப் பக்கம் இது இன்னும் கூடுதல். உட்துறைமுகத் தண்ணீரை எந்த மாதத்திலும் எடுக்க வேண்டாம், கப்பலும் படகும் நிற்கும் இடம் அது. சோளக (தென்மேற்குக் காற்று) மாதங்களில், நிலாவெளிக் கடல் கண்ணாடிபோல் கிடக்கும்போது, கரையை விட்டுச் சற்று உள்ளே எடுத்து, துணியில் வடித்து, இருட்டில் காற்றூட்டி இரண்டு வாரம் வைத்துப் பாவிக்கலாம். கானை இறுக்கி மூடி வைத்தால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் செத்து அமோனியாவாகும். உங்கள் சேமிப்புக் கான் ஒன்றைத் திறந்து முகர்ந்து, அதிலும் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

ஆகவே இப்போதைக்கு மீன் கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடலுப்பை ஆர்.ஓ. நீரில் கரையுங்கள். 40 லீற்றருக்கு ஒன்றரைக் கிலோ அளவில் பிடிக்கும். ஓரிரவு பம்பி ஓடவிட்டு, அளந்து, வெப்பமும் ஒத்த பிறகே தொட்டியில் விட வேண்டும். உப்பளத்து உப்பு மலிவாயிற்றே என்று எண்ண வேண்டாம். உப்புப் பாத்தியில் படிவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டுத்தான். மக்னீசியம் முதலியவை அடியில் எஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகின்றன. அதைக் கரைத்தால் உப்புத்தண்ணீர் வரும், கடல்தண்ணீர் வராது.

தீனியை இரண்டு நாள் முழுதாக நிறுத்துங்கள். பேத்திக்குக் கவலையாக இருக்கும், ஆனால் மீன்கள் தாங்கும். அதன்பின் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒருமுறை. மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பி ஒன்றை இன்றே வாங்கி வையுங்கள், மழை இன்னும் முடியவில்லை. அடுத்த தடவை மின்சாரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றால், வந்ததும் வடிகட்டியை உடனே ஓடவிடாமல், பெட்டிக்குள் நின்ற தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுப் பூட்டுங்கள். நோயில்லாத பழைய கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர் யாராவது பழக்கமென்றால், அவருடைய வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வளையங்களை ஈரம் காயாமல் வாங்கி வாருங்கள். போத்தலில் விற்கும் பற்றீரியாக் கரைசல்கள் வெக்கையான அலுமாரியில் எத்தனை மாதம் இருந்தனவோ என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

மணல்மேல் படரும் மண்ணிறப் பாசி பற்றியும் கேட்டிருந்தீர்கள். புதுத் தொட்டிகளில் வழக்கமாக வருவது, சில வாரங்களில் குறையும்.

முருகைக்கல்லும் கடைக்காரரும்

புறாமலையிலிருந்து வந்த கற்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேச வேண்டும். தொட்டியின் கணக்கில், அவற்றின் துளைகளில் ஒளிந்திருந்த புழுவும் கடற்பஞ்சும் ஓட்டோப் பயணத்தில் செத்து அழுகியிருந்தால் அமோனியாவுக்கு அவையும் காரணம். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பாருங்கள், கூழ்முட்டை மணம் வருவதை வெளியே எடுத்துவிடுங்கள். சட்டத்தின் கணக்கு வேறு. புறாமலை 2003 இலிருந்து தேசியப் பூங்கா. செத்த கல்தானே, கரையில் கிடந்ததுதானே என்ற விளக்கம் அங்கே செல்லாது. பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவர அனுமதியில்லை. மருமகனிடம் இதைத் தெளிவாகச் சொல்லி, இனி ஒரு கல்லும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருப்பவற்றை என்ன செய்வது என்பதை வனசீவராசிகள் திணைக்களத்திடமே கேளுங்கள். மருந்துத் தண்ணீரில் ஊறிய கற்களை நீங்களாகத் திரும்பக் கொண்டுபோய்க் கடலில் போட வேண்டாம்.

கடைக்காரர்மீது முறையிட, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் வாங்கிய இரண்டு வாரத்துக்குப் பின், மின்தடைக்கு மறுநாள் இறந்த மீனை வைத்து நோய் மீன் விற்றார் என்று நிறுவுவது கடினம். மூன்று வாரத் தொட்டிக்கு மூன்று மீனை ஒன்றாக விற்றது பொறுப்பான செயலல்ல என்று நான் கருதினாலும், அதை நேரில் போய்ச் சொல்வதே கூடுதல் பலன் தரும்.

மீனைக் கடலில் விடுவது பற்றி: கூடாது. கடை மீன் எங்கே பிறந்தது, கடைத் தொட்டியில் எந்த ஊர் மீன்களோடு நின்றது, எந்தக் கிருமியைச் சுமக்கிறது என்று நமக்குத் தெரியாது. நிலாவெளிப் பாறைகளில் வாழும் மீன்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். கோமாளி மீன் தான் ஒளிந்து வாழும் கடற்சாமந்தி என்ற கடலுயிர் கிடைக்காவிட்டால் அங்கே ஒரு பொழுதும் தப்பாது என்பதைப் பேத்திக்குச் சொல்லுங்கள். வளர்க்க இயலாது என்று முடிவுசெய்தால், நிலைபெற்ற தொட்டி வைத்திருப்பவரிடமோ கடையிடமோ ஒப்படையுங்கள்.

ஐந்தாம் நாள் காலையில், விளக்குப் போடுவதற்கு முன்னும் மாலையிலும், அமோனியா, நைத்திரைற்று, பி.எச்., உவர்த்தன்மை, வெப்பம் ஆகிய ஐந்தையும் நேரத்தோடு குறித்து அனுப்புங்கள். இடையில் மீன் மூச்சு வாங்குவது குறையாவிட்டாலோ, உடலில் புள்ளி கண்டாலோ ஐந்தாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே எழுதுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் தொடர்ந்து மூன்று வாரம் பூச்சியத்தில் நிற்கும்வரை புது மீன் எதுவும் வாங்காதீர்கள். இறாலை அதற்கும் பிறகு பார்ப்போம்.